ஊர்லருந்து சென்னை, திருப்பூர்னு வேலைக்கு கிளம்புதவங்க கிளம்புமுன்ன போட வேண்டிய கணக்கு

பிளஸ் டூ ரிசல்ட்டு வந்து, ஐடிஐ பரீட்சையும் முடிஞ்சிட்டா போதும், ஊர்ப்பக்கத்துலருந்து யாராவது போன் போட்டுடுதாங்க, "அண்ணே, சென்னைல 18,000 தாரோம்னு சொல்லுதாங்க, போகட்டுமா"ன்னு. எனக்கு ஊரு தென்காசி மாவட்டம் பாவூர்சத்திரம் பக்கம், சென்னைல ஒரு கம்பெனில சம்பளக் கணக்கு பாக்கேன், அதனால எங்கிட்ட கேக்காங்க. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்லுததுக்கு மொத்தமா எழுதிடுவோம்னுதான் இது. போகலாமா வேண்டாமாங்கிறது அவங்கவங்க வீட்டு நிலவரம், அத நான் முடிவு பண்ண முடியாது. ஆனா 18,000ங்கிற நம்பர மட்டும் வச்சு முடிவு பண்ணாதீங்க. பாக்க வேண்டிய நம்பர் ரெண்டு: மாசக் கடைசில வீட்டுக்கு அனுப்புத மாதிரி கையில எவ்வளவு மிஞ்சும், வருஷத்துல எத்தன மாசம் வேலை நிச்சயமா இருக்கும்.

மொதல்ல சம்பளம். ஏஜென்ட்டோ கம்பெனிக்காரரோ ஒரு தொகை சொன்ன உடனே கேக்க வேண்டியது, "இது சிடிசியா, கிராஸா, இல்ல கையில வர்றதா". இந்த மூணும் வேற வேற. சிடிசின்னா உங்களுக்காக கம்பெனி பண்ணுத மொத்தச் செலவு, கிராஸ்னா பிடித்தத்துக்கு முந்தின சம்பளம். ஒரு பேச்சுக்கு கிராஸ் 18,000, அதுல பேசிக்கும் (அடிப்படைச் சம்பளம்) டிஏவும் (அகவிலைப்படி) சேத்து 12,000ன்னு வைங்க. பிஎஃப், அதாவது வருங்கால வைப்பு நிதி, 12 சதவீதம் அந்த 12,000க்கு பிடிப்பாங்க, 1,440 ரூபா. ஈஎஸ்ஐங்கிற தொழிலாளர் காப்பீட்டுக்கு முக்கால் சதவீதம் மொத்த 18,000க்கும், 135 ரூபா. கையில வர்றது 16,425. இதே 18,000 சிடிசின்னு சொல்லியிருந்தா முதலாளி தன் பங்குக்கு கட்டுத பிஎஃப் 12 சதவீதம், ஈஎஸ்ஐ 3.25 சதவீதம் எல்லாம் அந்த 18,000க்குள்ளயே அடங்கிப் போகும், கையில 14,750 பக்கம்தான் வரும். ஒரே நம்பர், மாசத்துக்கு ஆயிரத்து அறுநூறு ரூபாய்க்கு மேல வித்தியாசம், நம்ம பையங்க இத கேக்காமலே வந்து மொத மாச சம்பளம் ஏறுன அன்னைக்கு ஏமாத்திட்டாங்கன்னு வருத்தப்படுதாங்க.

பிஎஃப் பிடிக்காங்கன்னு கோவப்படாதீங்க, பிடிக்காம "முழுசா கையில தாரோம்"னு சொல்லுத இடத்துலதான் உஷாரா இருக்கணும். ஈஎஸ்ஐ மாசச் சம்பளம் 21,000 வரைக்கும் இருக்கவங்களுக்கு உண்டு, உங்களுக்கு மட்டுமில்ல ஊர்ல இருக்க அம்மா அப்பா உங்க வருமானத்த நம்பி இருந்தா அவங்களையும் சேக்கலாம். மேலுக்கு முடியாம படுத்துட்டா, தேவையான நாள் சந்தா கட்டியிருந்தா வருஷத்துக்கு 91 நாள் வரைக்கும் சம்பளத்துல 70 சதவீதம் ஈஎஸ்ஐலருந்தே வரும். சென்னைல கே.கே.நகர்லயும் அயனாவரத்துலயும் பெரிய ஈஎஸ்ஐ ஆஸ்பத்திரி இருக்கு. ஊர விட்டு வந்து தனியா ரூம்ல காய்ச்சல்ல கெடக்கும்போதுதான் அந்த 135 ரூபாயோட அருமை தெரியும்.

அடுத்தது, எத்தன மணி நேரத்துக்கு இந்த சம்பளம்னு கேளுங்க. இத யாரும் கேக்குததே இல்ல. திருப்பூர் பனியன் கம்பெனிக்கு போறவங்க முக்கியமா கவனிக்கணும். அங்க காலைல எட்டரைக்கு ஏறுனா ராத்திரி எட்டரை, ஒம்போதுன்னு போகும், ஒன்றரை ஷிப்ட்ங்காங்க, சனிக்கிழமை சம்பளம். ஊர்ல ஒரு கடைல எட்டு மணி நேரத்துக்கு 12,000, அங்க பன்னண்டு மணி நேரத்துக்கு 18,000ன்னு வைங்க. மாசத்துக்கு 26 நாள். 12,000த்த 208 மணி நேரத்தால வகுத்தா மணிக்கு 57 ரூபா சொச்சம். 18,000த்த 312ஆல வகுத்தாலும் அதே 57 ரூபா சொச்சம்தான். சம்பளம் ஏறல, நாலு மணி நேரம் கூட உழைக்கோம், அவ்வளவுதான். சட்டப்படி பாத்தா தொழிற்சாலைல வாரத்துக்கு 48 மணி நேரத்துக்கு மேல போனா அந்த ஓவர்டைமுக்கு (ஓட்டி) ரெட்டைச் சம்பளம் தரணும். "ஓட்டி டபுளா சிங்கிளா"ன்னு கேட்டுப் பாருங்க, அவங்க சொல்லுத பதில்லயே கம்பெனி எப்படிப்பட்டதுன்னு பாதி தெரிஞ்சிடும்.

இப்ப மிஞ்சுத கணக்கு. நெல்லை பக்கத்துல கங்கைகொண்டான் சிப்காட் தொழிற்பேட்டைல டாடாவோட சோலார் தொழிற்சாலை மாதிரி பெரிய ஆலைங்க வந்தாச்சு, அதனால ஊர்ல இருந்தே போயிட்டு வர்ற வேலையையும் சேத்து வச்சுத்தான் பாக்கணும். கீழ சொல்லுத நம்பரெல்லாம் உதாரணத்துக்கு, உங்க நம்பர போட்டுக்கோங்க. உள்ளூர்ல கிராஸ் 13,000, பிடித்தம் போக 11,800 கையில. வீட்டுச் சாப்பாட்டுக்கு அம்மாகிட்ட 2,500, பஸ்ஸு போனுக்கு 800. மிச்சம் 8,500. சென்னைல கையில 16,425. ரூம்ல உங்க பங்கு தண்ணி கரண்ட் சேத்து 3,500, மூணு வேளைச் சாப்பாடு 5,500, பஸ்ஸு ரயிலு 1,000, போன் சோப்பு முடிவெட்டு அது இதுன்னு 900, பொங்கலுக்கு தீவாளிக்கு கோயில் கொடைக்கு ஊருக்கு வர்ற செலவ மாசத்துக்கு பிரிச்சா 800. மொத்தம் 11,700. மிச்சம் 4,700 பக்கம். 5,000 ரூபா கூட சம்பளம்னு போன பையன் ஊர்ல இருக்கவன விட கிட்டத்தட்ட 3,800 ரூபா கம்மியா மிச்சம் பிடிக்கான்.

அதுக்காக போகவே வேண்டாம்னு சொல்லல. அதே சென்னை வேலைல ரூமும் சாப்பாடும் கம்பெனியே தந்தா மிச்சம் 13,000த்த தாண்டிடும், அப்ப ஊர விட சென்னைதான் மேல, தாராளமா கிளம்பலாம். இன்னொண்ணு, சிஎன்சி மிஷின், ஏசி மெக்கானிக், நர்சிங் மாதிரி கைத்தொழில் கத்துக்கிட்டு ரெண்டு வருஷத்துல சம்பளம் ஏறுத வேலைன்னா மொத வருஷம் மிச்சம் கம்மியா இருந்தாலும் போறது நல்லதுன்னுதான் நான் சொல்லுவேன். துணிக்கடைல புடவை மடிக்க, டெலிவரி பையைத் தூக்கிக்கிட்டு ஓட, இதுக்கெல்லாம் அஞ்சு வருஷம் கழிச்சும் சம்பளம் பெருசா ஏறாது. வண்டி, பெட்ரோல், ரிப்பேர் எல்லாம் உங்க தலைலங்கிறதையும் டெலிவரிக்கு போறவங்க கணக்குல சேக்கணும்.

ரெண்டாவது நம்பர், எத்தன மாசம் வேலை இருக்கும்ங்கிறது. ஜான் ஹாரிஸ், மைக்கேல் டொடாரோன்னு ரெண்டு பொருளாதாரக்காரங்க 1970லயே இத எழுதி வச்சிருக்காங்க. கென்யாவுல சுதந்திரம் வந்த புதுசுல நைரோபி மாதிரி ஊருங்கள்ல சம்பளம் கிராமத்த விட நல்லா ஏறுச்சு, ஆனா வேலை இல்லாம திரியுத கூட்டமும் அதே ஊர்ல பெருகிக்கிட்டே போச்சு. 1964ல அரசாங்கம், முதலாளிங்க, தொழிற்சங்கம் மூணும் ஒப்பந்தம் போட்டு கூடுதலா ஆள் எடுக்கோம்னு அறிவிச்சாங்க, அத கேள்விப்பட்டு கிராமத்துலருந்து இன்னும் ஆள் வந்து எறங்க, வேலையில்லாதவங்க எண்ணிக்கை குறையவே இல்ல. ஹாரிஸும் டொடாரோவும் கண்டது என்னன்னா, ஆளுங்க நகரத்துச் சம்பளத்த மட்டும் பாத்து கிளம்பல, அந்த வேலை கிடைக்க எவ்வளவு வாய்ப்பு இருக்குன்னும் சேத்துத்தான் மனசுக்குள்ள பெருக்கிப் பாக்காங்க. நாமளும் அந்தப் பெருக்கல பேப்பர்ல போட்டுட்டு கிளம்புவோம். கட்டட வேலைக்கு போறவருக்கு சென்னைல நாளைக்கு 900, மாசத்துக்கு 18 நாள்தான் வேலைன்னா 16,200. ஊர்ல 600, 24 நாள்னா 14,400. வித்தியாசம் 1,800, அது ரூம் வாடகைக்கே காணாது. மழை மாசத்துல சென்னைல கட்டட வேலை படுத்துரும், அந்த மாசங்கள்ல ஊர்ல பிசான நெல்லுக்கு நடவு இருக்கும். நூறு நாள் வேலைக்கு 2025-26ல தமிழ்நாட்டுக்கு அறிவிச்ச கூலி 336 ரூபா, அளந்து போடும்போது அது முழுசா கைக்கு வராதுன்னாலும் ஊர விட்டா விட்டுப்போற கணக்குல அதுவும் உண்டு.

ரூம் விஷயத்துக்கு வருவோம். சம்பளத்த விட உங்க உடம்பையும் மனசையும் தீர்மானிக்கிறது இதுதான். ராத்திரி வந்து எறங்கி அன்னைக்கே அட்வான்ஸ் கொடுக்காதீங்க, தெரிஞ்சவங்க கூட நாலு நாள் தங்கிட்டு பகல்ல போய் பாருங்க. மொட்டை மாடில ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்ட ரூமுன்னா மத்தியானம் ரெண்டு மணிக்கு போய் பத்து நிமிஷம் உள்ள உக்காருங்க. காலைல பாத்தா எல்லா ரூமும் நல்ல ரூமாத்தான் தெரியும். மே மாசம் அந்த ஷீட்டுக்கு கீழ ஃபேனு அனல் காத்தத்தான் இறக்கும், நைட் ஷிப்ட் முடிச்சு பகல்ல தூங்க வேண்டியவன் அதுல தூங்கவே முடியாது, தூக்கமில்லாம மிஷின்ல நிக்கும்போதுதான் விரல் போகுது. ஜன்னல் இருக்கா, அது தொறந்தா சுவரா வெளியவா, ஒரு கக்கூஸுக்கு எத்தன பேரு, தண்ணி எத்தன மணிக்கு வரும், குடிக்க கேன் தண்ணியான்னு பாருங்க. எட்டு பேருக்கு ஒரு கக்கூஸுன்னா ஷிப்ட்டுக்கு கிளம்புத நேரத்துல என்ன கூத்து நடக்கும்னு யோசிச்சுக்கோங்க. கரண்டுக்கு வீட்டுக்காரங்க சப் மீட்டர் வச்சு யூனிட்டுக்கு இவ்வளவுன்னு வாங்குவாங்க, அரசாங்கம் வீடுகளுக்கு ரெண்டு மாசத்துக்கு 100 யூனிட் இலவசம்னு கொடுக்கது நம்ம ரூமுக்கு வந்து சேராது, அதனால யூனிட் ரேட்டு என்னன்னு மொதல்லயே கேட்டுக்கணும்.

அட்வான்ஸு சென்னைல பத்து மாச வாடகைன்னு கேக்குதது வழக்கம். 2019ல நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்துல, வேற மாதிரி ஒப்பந்தம் எழுதாத வரைக்கும் மூணு மாச வாடகைக்கு மேல டெபாசிட் வாங்கக் கூடாதுன்னு இருக்கு. அதனால எழுதுத காயிதத்துல என்ன போட்டிருக்குன்னு வாசிச்சுட்டு கையெழுத்து போடுங்க, "பெயின்டிங்குக்கு ஒரு மாச வாடகை பிடிப்போம்"ங்கிற வரி எங்கயாவது ஒரு மூலைல இருக்கும். துட்ட கையில கொடுக்காம ஜிபேல அனுப்புங்க, என்னைக்கு எவ்வளவு கொடுத்தோம்ங்கிறதுக்கு அதுவே சாட்சி. சாப்பாட்டுக்கு ரொம்ப முடை வந்தா அம்மா உணவகம் இருக்கு, 2013லருந்து இட்லி ஒரு ரூபா, சாம்பார் சாதம் அஞ்சு ரூபான்னு ஓடுது, அங்க போய் சாப்பிட யாரும் கூச்சப்பட வேண்டாம்.

தங்கச்சிங்களுக்கு தனியா சில விஷயம் சொல்லணும். மூணு வருஷம் மில்லுல தங்கி வேலை பாத்தா கல்யாணத்துக்கு மொத்தமா ஒரு தொகைன்னு சுமங்கலித் திட்டம்ங்கிற பேருல நம்ம தெக்கத்தி மாவட்டங்கள்லருந்து எத்தனையோ பிள்ளைங்கள கோயமுத்தூர், திருப்பூர், திண்டுக்கல் பக்கம் கூட்டிட்டுப் போனாங்க, மூணு வருஷம் முடியுமுன்ன உடம்பு முடியாம திரும்புன பிள்ளைங்களுக்கு அந்தத் தொகை கைக்கு வராமப் போன கதை ஊருக்கு ஊரு உண்டு. பேரு மாத்தி இப்பவும் யாராவது வந்தா, மாசச் சம்பளம் மாசாமாசம் என் பேங்க் அக்கவுண்ட்ல வருமா, லீவுக்கு நான் நெனச்சப்ப வீட்டுக்கு வரலாமா, போன் என் கையில இருக்குமா, இந்த மூணையும் கேளுங்க. ஒண்ணுக்கு இல்லன்னு சொன்னாலும் அனுப்பாதீங்க. அம்மாமாரு அப்பாமாரு வாசிச்சா உங்ககிட்டதான் சொல்லுதேன்.

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் செல்போன் கம்பெனிங்களுக்கு போறவங்க ஹாஸ்டல போய் பாக்காம ஆர்டர் வாங்காதீங்க. 2021 டிசம்பர்ல அங்க ஒரு கம்பெனி பிள்ளைங்க தங்குன ஹாஸ்டல் சாப்பாடு ஒத்துக்காம நெறைய பிள்ளைங்க ஆஸ்பத்திரில படுத்து, மத்த பிள்ளைங்க பெங்களூர் ரோட்ட மறிச்சு உக்காந்ததுக்கு அப்புறம்தான் அந்த ஹாஸ்டல் நிலவரமே வெளிய தெரிஞ்சுது. இப்ப வல்லம் வடகால்ல 18,720 பெண்கள் தங்குத மாதிரி அரசாங்கமே கட்டி 2024 ஆகஸ்ட்ல தொறந்தாச்சு. தனியா தங்க இடம் தேடுதவங்க தாம்பரம், கூடுவாஞ்சேரில இருக்க அரசாங்கத்தோட தோழி விடுதியையும் விசாரிச்சுட்டு அப்புறம் தனியார் ஹாஸ்டலுக்கு போங்க. துணிக்கடைக்கு போற பிள்ளைங்களுக்கு, உக்கார நாற்காலி தரணும்னு 2021ல கடைச் சட்டத்தையே திருத்தியிருக்காங்க. பன்னண்டு மணி நேரம் நின்னு கால் வீங்குன பிள்ளைங்கள நான் பாத்திருக்கேன், கடைய போய் பாக்கும்போது கவுண்டருக்குப் பின்னால ஸ்டூல் கெடக்கான்னு ஒரு எட்டு எட்டிப் பாருங்க.

குடும்பத்தோட போலாம்னு நெனைக்கவங்க இன்னும் கூட யோசிக்கணும். ஆலங்குளம், முக்கூடல், பாவூர்சத்திரம் பக்கம் வீட்டுக்கு வீடு மதினிமாரு பீடி சுத்துதாங்க. அந்தத் துட்டு கண்ணுக்குத் தெரியாம வீட்ட ஓட்டிக்கிட்டு இருக்கும், பாஸ் புக் இருந்தா பிஎஃப் வேற. சென்னைக்கு கூட்டிட்டுப் போனா இலையும் தூளும் அங்க யாரு கொடுப்பா. சொந்த வீட்டுக்கு வாடகை கெடையாது, ஆச்சி பிள்ளைய பாத்துக்கிடுவா, இதையெல்லாம் அங்க போனா துட்டு கொடுத்து வாங்கணும். ஆம்பள மட்டும் மொதல்ல போய் ஆறு மாசம் இருந்து பாத்துட்டு, பள்ளிக்கூடம் தொறக்குத ஜூனுக்கு குடும்பத்த கூட்டிட்டுப் போறதுதான் சரி. ரேஷன் கார்ட மாத்தணும்னு உடனே அலைய வேண்டாம், ஒரே நாடு ஒரே ரேஷன் 2020 அக்டோபர்லருந்து இங்க இருக்கு, விரல் ரேகை வச்சு சென்னைக் கடைலயே அரிசி வாங்கலாம். பொம்பளையாளுகளுக்கு சாதாரண டவுன் பஸ்ல டிக்கெட் கெடையாது, ரூம் தேடும்போது அந்த பஸ்ஸு போற ரூட்டா பாத்து தேடுனா மாசத்துக்கு நல்ல மிச்சம்.

கையில எவ்வளவு துட்டு வேணும்? ரெண்டு மாசச் சாப்பாடு, ரூம் பங்கு, அட்வான்ஸ் பங்கு, அதுபோக திரும்பி வர்ற டிக்கெட் காசு. இந்தக் கடைசிக் காச தனியா வைக்கணும், தொடவே கூடாது. 2008ல பங்களாதேஷ்ல ரங்பூர் பக்கம் ஒரு ஆய்வு நடந்துச்சு. அறுப்புக்கு முந்தின பஞ்ச மாசத்துல பட்டினி கெடந்தும் டவுனுக்கு வேலைக்குப் போகாத குடும்பங்களுக்கு பஸ் செலவுக்கு 600 டாக்கா கொடுத்துப் பாத்தாங்க. நூத்துக்கு இருபத்திரெண்டு பேரு கூடுதலா கிளம்புனாங்க, போன வீட்டுல சாப்பாட்டுச் செலவு நல்லா ஏறுச்சு, துட்டு கொடுக்குதத நிறுத்துன பெறவும் அடுத்த வருஷம் நெறைய பேரு தானாவே போனாங்க. அவங்கள தடுத்து வச்சது சோம்பேறித்தனம் இல்ல, போய் வேலை கெடைக்காட்டா இருக்கதும் போயிடுமேங்கிற பயம். நம்ம ஊர்லயும் அதே பயந்தான், அதுக்கு மருந்து தனியா முடிஞ்சு வச்ச அந்த டிக்கெட் காசு. ஆனா இந்தத் துட்ட வட்டிக்கு வாங்கிட்டு மட்டும் கிளம்பாதீங்க. கந்துவட்டி தடைச் சட்டம் 2003லயே வந்தாச்சு, அப்படியும் 2017 அக்டோபர்ல நெல்லை கலெக்டர் ஆபிஸ் வாசல்ல ஒரு குடும்பமே கருகுனத இந்த ஜில்லாவுல யாரும் மறக்க முடியாது. கடன் இருக்கவன் மோசமான வேலையயும் விட முடியாம மாட்டிக்கிடுவான். ஆறு மாசம் தள்ளிப் போனாலும் பரவால்ல, சீட்டுப் போட்டு சேத்துட்டு போங்க.

நம்ம ஆளுக மும்பை தாராவிக்கு போனதும், சென்னைல தெருவுக்குத் தெரு மளிகைக் கடை வச்சதும் சொந்தக்காரங்க கைய பிடிச்சுத்தான், இன்னைக்கும் அதுதான் நல்ல வழி. ஊர்க்காரர் கடைன்னா சாப்பாடும் படுக்கையும் நிச்சயம். ஆனா சம்பளத்த அண்ணாச்சிகிட்டயே சேத்து வச்சு வருஷக் கடைசில மொத்தமா வாங்குத பழக்கம் வேண்டாம், "அண்ணாச்சி, மாசாமாசம் அக்கவுண்ட்ல போட்டுருங்க, அம்மாவுக்கு அனுப்பணும்"னு மரியாதையா மொத நாளே சொல்லிட்டா அவரும் தப்பா எடுத்துக்கிட மாட்டாரு.

பஸ்ல வந்தா இப்ப கோயம்பேடு இல்ல, கிளாம்பாக்கத்துல எறக்கி விட்ருவாங்க, அங்கருந்து அம்பத்தூர் போக இன்னொரு பயணம் இருக்கு. ரயிலுன்னா நெல்லை எக்ஸ்பிரஸ், பொதிகை, ரிசர்வேஷன் 60 நாளுக்கு முன்ன தொறக்கும், பொங்கல் டிக்கெட்டுக்கு நவம்பர்லயே நாள் குறிச்சு வச்சிருங்க. ஆதார், பேங்க் பாஸ்புக், ஐடிஐ சர்டிபிகேட்ட ஜெராக்ஸ் எடுத்துக்கோங்க, ஒரிஜினல யார்கிட்டயும் ஒப்படைக்காதீங்க, "சேஃப்டிக்கு ஆபிஸ்ல இருக்கட்டும்"னு சொன்னா அந்த வேலையே வேண்டாம். ஏற்கனவே வேலை பாத்திருந்தா பழைய யுஏஎன் நம்பர, அதாவது உங்க பிஎஃப் நம்பர, புது கம்பெனில கொடுக்கணும், புதுசா ஒண்ணு போட விடாதீங்க, பத்து வருஷ சர்வீஸ் சேந்தாத்தான் பென்ஷன், நம்பர் ரெண்டா இருந்தா அத சேக்கதுக்குள்ள உயிர் போயிடும். மாசத்துக்கு ஒருக்கா அரசாங்கத்தோட உமங் ஆப்ல பிஎஃப் ஏறியிருக்கான்னு பாருங்க, சிலிப்புல பிடிச்சிட்டு கட்டாம விடுத இடமும் உண்டு. மூணு மாசம் தொடந்து ஏறலன்னா பிஎஃப் ஆபிஸ்ல ஆன்லைன்லயே புகார் போடலாம். வேலைய விட்டு வரும்போது பிஎஃப் கணக்குல கம்பெனி எக்ஸிட் தேதி (வேலைய விட்ட தேதி) போட்டுச்சான்னு பாத்துக்கோங்க, போடலன்னா கடைசியா துட்டு ஏறுன மாசத்துலருந்து ரெண்டு மாசம் கழிச்சு நீங்களே போட்டுக்கலாம்.